இடிக்குப் பிடுங்கிய வயர்

எங்கள் வீட்டு ஹாலில் டி.வி.க்குக் கீழே இன்டர்நெட்டுக்கான ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. அதில் பச்சையாக எரிய வேண்டிய விளக்கு இன்று மத்தியானத்திலிருந்து சிவப்பாக எரிகிறது. கம்பெனிக்குப் போன் செய்தேன். பதிவு செய்த பெண் குரல் ஒன்று, பெட்டியை அணைத்து, முப்பது வினாடி பொறுத்து, மறுபடி போடச் சொன்னது. போட்டேன். திரும்ப அழைத்தேன். அதே குரல் அதே அன்போடு அதையே சொன்னது. ஒரு மணி நேரம் கழித்து, ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று போனுக்குச் செய்தி வந்தது. விளக்கு இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.

கோபம்கூட வரவில்லை. அலுப்புதான் வந்தது. ஒரு காலத்தில் இந்தப் பெட்டியின் முன்னோர்களோடு மல்லுக்கட்டித்தான் எனக்குச் சோறு. இப்போது நகரத்தின் ஓரம், கழக்கூட்டத்தில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டிடத்தில் ஏசி ஓடுகிறதா, லிஃப்ட் ஏறுகிறதா என்று பார்க்கும் உத்தியோகம். அதற்கு முன் நான்கு வருஷம், டி.வி. கேபிள் வழியாகவே இன்டர்நெட்டும் வந்த காலத்தில், வீடு வீடாகப் போய் மோடம் பார்க்கிறவனாக இருந்தேன். தோளில் ஒரு பை. பையில் சிக்னல் மீட்டர், கனெக்டரை அழுத்திப் பொருத்தும் இடுக்கி, ஒரு டப்பா நிறைய கனெக்டர். கறுப்புக் கேபிளின் தோலைச் சீவினால் ஒரு வாடை வரும், வெயிலில் கிடந்த டயரும் மெழுகுவர்த்தியும் கலந்த மாதிரி. அன்றைக்கெல்லாம் அந்த வாடையோடுதான் சாப்பிடுவேன். விரலை எத்தனை தடவை கழுவினாலும் மீன்குழம்பையும் மீறிக்கொண்டு அதுதான் வரும்.

இப்போது பால்கனிப் பக்கமிருந்து புழுக்கத்தோடு மழைக்கு முந்திய மண்வாடை வருகிறது. ஐப்பசி மாதம். இந்த ஊரில் ஐப்பசி மழைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. காலையில் பல்லைக் காட்டிக்கொண்டு வெயில் அடிக்கும். மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்து இடி தொடங்கும். ஆபீஸ்காரர்களைவிட நேரம் தவறாமல் வரும். இந்த வாடையோடு எனக்கு எப்போதும் ஸ்டீபன் அண்ணனின் வீடு நினைவுக்கு வரும்.

பழவங்காடி கோயில் முக்கிலிருந்து இரண்டு சந்து தள்ளி அந்த வீடு. ஸ்டீபன் அண்ணன் மார்த்தாண்டத்துக்காரர், தையல்காரர். முன் அறையில் மிஷின், பின் அறையில் குடித்தனம். மனைவி லில்லி குவைத்தில் நர்ஸ். வீட்டில் அவரும், ஆறு வயது மகள் ஜினியும் மட்டும். லில்லி அக்காவுக்கு அங்கே மத்தியானம் இரண்டு மணிக்கு டியூட்டி முடியும், நமக்கு அப்போது நாலரை. அவர்கள் ஹாஸ்டலில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், வரிசையில் பத்துப் பேர். செவ்வாயும் சனியும் நாலரையிலிருந்து ஐந்து மணிவரை லில்லி அக்காவின் முறை. முகம் பார்த்துப் பேச வாரத்துக்கு அந்த இரண்டு அரை மணி நேரம்தான். நெட் சரியாக நாலரைக்குச் செத்துப்போகிறது என்பதுதான் புகார்.

முதல் தடவை காலையில் போனேன். மோடத்துக்குப் பின்னால் கனெக்டர் லூசாக இருந்தது, நடுவிலுள்ள செம்புக் கம்பி வளைந்திருந்தது. எனக்கு முன்னால் வந்தவனை மனசுக்குள் திட்டிவிட்டு, நுனியை வெட்டி, புதுக் கனெக்டர் போட்டு, இறுக்கி முறுக்கினேன். மீட்டரில் சிக்னல் கிண்ணென்று இருந்தது. அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாளில் மறுபடி அழைப்பு. போனால் மறுபடியும் லூசு, மறுபடியும் வளைந்த கம்பி. இந்த முறை திட்டுவதற்கு எனக்கு முன்னால் வந்தவன் நானே. அதனால் அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு கனெக்டரை மாற்றினேன், கேபிளை டி.வி.க்கும் மோடத்துக்கும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரை மாற்றினேன், மோடத்தையே மாற்றினேன், தெருப் போஸ்ட்டில் ஏறி அங்குள்ள பெட்டியையும் துடைத்தேன். ‘லைன் பழசு’ என்று ஒரு பொதுவான பழியைப் போட்டுவிட்டு இறங்கினேன். இந்தத் தொழிலில் எதுவும் புரியாவிட்டால் லைன் பழசாகிவிடும்.

அன்றைக்கு ஜினி ஒரு தீப்பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே பஞ்சில் ஒரு பால் பல்.

“கூரையில எறியலியா?” என்று கேட்டேன்.

“அம்மா கண்டிட்டு எறியணும் மாமா. அம்மா ஓட்டையும் காணணும்” என்று வாயைத் திறந்தாள். கீழ் வரிசையில் நடுவில் ஒரு சந்து.

அண்ணன் மிஷினை நிறுத்தாமல் சொன்னார். “மூணு தடவையா படம் நின்னு போச்சு கேட்டியா. அவ அங்க கெடந்து அழுது கரையுதா. புதுப் பல்லு மொளச்சிட்டா பின்ன என்னத்தக் காட்ட?”

ஒரு பல் முளைக்க எத்தனை நாளாகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதன்பின் பஸ்ஸில் யாராவது சின்னப் பிள்ளை சிரித்தால் வாய்க்குள் உற்றுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. தாய்மார்கள் பிள்ளையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

மூன்றாவது புகார் வந்தபோது சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். ஒரே வீட்டிலிருந்து மூன்று புகார் வந்தால் ஆளை லைனிலிருந்து எடுத்து, வீடு வீடாகக் கனெக்ஷன் விற்க அனுப்புவது அங்கே வழக்கம். “இது கூடி சரியாயில்லெங்கில், நாளை முதல் நோட்டீஸ் கொடுக்கான் போய்க்கோ” என்றார். இதுவும் சரியாகாவிட்டால் நாளையிலிருந்து நான் வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கப் போக வேண்டியதுதான். எனக்கு லைன் வேலை போகிற பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு, இந்தத் தடவை காலையில் போகாமல் மத்தியானம் மூன்று மணிக்குப் போனேன். நாலரைக்குச் சாகிறதென்றால் நாலரைவரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று முடிவு.

அன்று சனிக்கிழமை. ஜினி குளித்துப் பவுடர் போட்டு, தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் மறுபடியும் வளைந்திருந்த நுனியை வெட்டிக் கனெக்டர் மாற்றிவிட்டு, மோடத்தின் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒழுங்காக எரிந்தன. மூன்றே முக்கால் இருக்கும். விழிஞ்ஞம் பக்கம், கடல் மேலே, முதல் இடி உருண்டது.

 ஜினி பென்சிலை வைத்துவிட்டு எழுந்து ஃபேனை அணைத்தாள். அண்ணன் மிஷின் மோட்டார் பிளக்கைப் பிடுங்கினார், பிறகு கம்ப்யூட்டர் பிளக்கையும் டி.வி. வயரையும் பிடுங்கினார். நானும் எழுந்து மோடத்தின் வயரை மடமடவென்று திருகிப் பிடுங்கித் தரையில் போட்டேன்.

ஆமாம், நான்தான். இடி கேட்டதும் எங்கள் வீட்டில் அது என் வேலை. நான் வளர்ந்த பாறசாலையில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். மழைக்கு ஜன்னல் சாத்துவது போல, இடிக்கு வயர் பிடுங்குவோம். அதை யாரும் யாரிடமும் சொல்ல மாட்டார்கள், யாரும் யாரையும் கேட்கவும் மாட்டார்கள். வயரைத் தரையில் போட்டுவிட்டு நிமிர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

“அண்ணா, இத தெனமும் பிடுங்குவீங்களா?”

“பின்ன பிடுங்காண்டாமா? போன வருசம் ஒரு டி.வி. கரிஞ்சு கத்திப்போச்சு. மழ விட்டதும் இவதான் குத்தி வெப்பா.”

ஜினி குத்திக் காட்டினாள். திருகாமல், பிஞ்சுக் கையால் ஒரே அமுக்கு. செம்புக் கம்பி என் கண்முன்னே வளைந்தது. இரண்டு தடவை வந்து, போஸ்ட்வரை ஏறி, ஒரே ஒரு கேள்வி கேட்காமல் போயிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் நாலு இருபதாகியும் இடி நிற்கவில்லை. மழை கொட்டியது. அண்ணன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜினி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அவள் அழவில்லை. தீப்பெட்டியைத் திறந்து, மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்தாள். எனக்கு அதைத்தான் பார்க்க முடியவில்லை.

“குத்துவோம் அண்ணா” என்றேன்.

“வேண்டாம் தம்பி. கம்ப்யூட்டரு அவ சம்பளத்துல வாங்கினது.”

“போனா என் தலையில போடுங்க.”

பெரிய வீரம் ஒன்றும் இல்லை. என் சம்பளத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை மாதம் ஆகும் என்று சொல்லும்போதே மனசுக்குள் கணக்குப் போட்டேன். அண்ணன் மகளைப் பார்த்தார், பிறகு போய்க் கம்ப்யூட்டர் பிளக்கைக் குத்தினார். நான் வளைந்த நுனியை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டு இறுக்கினேன். விளக்குகள் ஒன்றொன்றாகச் சிமிட்டல் நின்று நிலையாக எரிந்தன. நாலு முப்பத்திரண்டுக்குக் கம்ப்யூட்டரில் அழைப்பு மணி அடித்தது. திரையில், நர்ஸ் உடுப்பில், முடிகூடக் கலைக்காமல் ஒரு பெண்.

 ஜினி காமிராவுக்கு ஒட்டிப் போய் வாயை முழுசாகத் திறந்து நின்றாள்.

“எனக்க தங்கமே, கொஞ்சம் பின்னால மாறி நில்லு மக்ளே, இருட்டாட்டு கெடக்கு” என்றது அந்தப் பக்கம். ஜினி பின்னால் நகர்ந்தாள். லில்லி அக்கா சிரித்தார், சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அப்போது தலைக்கு மேலேயே ஒரு இடி வெட்டியது. வீடு அதிர்ந்தது. அண்ணனும் நானும் ஒரே நேரத்தில் வயரைப் பார்த்தோம். இருவர் கையும் முன்னால் போனது. யாரும் பிடுங்கவில்லை.

ஐந்து மணிக்கு அந்தப் பக்கம் வரிசையில் அடுத்த ஆள் வந்துவிட்டார். மழையிலேயே வாசலுக்கு ஓடி ஜினி பல்லைக் கூரைமேல் எறிந்தாள். மறுநாளிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் என் முதல் கேள்வி, ‘இடிக்கு வயர் பிடுங்குவீங்களா?’ என்பதுதான். பிடுங்காத வீட்டை நான் பார்க்கவில்லை. எனக்கு ஆபீஸில் இடி என்று பெயரே வைத்தார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து அந்த வீட்டிலிருந்து கடைசி அழைப்பு. கனெக்ஷன் வேண்டாமாம், மோடத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். இப்படிப்பட்ட வீடுகளுக்குப் போவது எனக்குப் பிடிக்காது. வேகம் இல்லை, வாடகை கூடுதல், வேறு கம்பெனி மலிவு என்று ஏதாவது ஒரு பாட்டுக் கேட்க வேண்டும். நிறுத்துவதற்கான காரணத்தை ஃபாரத்தில் எழுதவும் வேண்டும். அண்ணனிடம் கேட்டேன்.

அவர் உள்ளே தலையைச் சாய்த்துக் காட்டினார். அடுக்களையில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு சாயா ஆற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மேடைமேல் ஏறி உட்கார்ந்து, ஜினி நிறுத்தாமல் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஆளு வந்தாச்சு தம்பி” என்றார் அண்ணன். “இனி என்னத்துக்கு நெட்டு?”

சாயா குடித்துவிட்டு வந்தேன். ஃபாரத்தில் ‘ஆள் வந்துவிட்டார்’ என்றே எழுதினேன். ஆபீஸில் அப்படி ஒரு காரணம் கம்ப்யூட்டரில் இல்லை என்று ‘மற்றவை’யில் சேர்த்தார்கள்.

பிறகு கேபிள் நெட் போயிற்று. என் வேலை போயிற்று. அந்தச் சந்தில் அண்ணனின் வீடு இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ். போஸ்ட்களில் அறுத்துவிட்ட கறுப்பு வயர்கள் மட்டும் தொங்குகின்றன.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இடி வந்துவிட்டது. எழுந்து பெட்டியிடம் போய்க் கையை நீட்டிவிட்டேன். இது ஃபைபர், கண்ணாடி நூல், இதன் வழியே மின்னல் ஓடாது, பிடுங்க வேண்டியதில்லை. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டிமேல் தூசியைத் துடைத்தேன்.

என் மனைவியும் நர்ஸ்தான், மஸ்கட்டில். இரண்டு வருஷம் கழித்து ஒரு மாத லீவில் வந்து நான்கு நாளாகிறது. ஏர்போர்ட்டிலிருந்து வந்து, பெட்டியை இறக்கி, பையன் தலையைத் தடவிவிட்டு அவள் முதலில் கேட்டது வைஃபை பாஸ்வேர்ட். குறை சொல்லவில்லை, நானும் கேட்டவுடனே சொன்னேன். இப்போது அவள் ஒரு அறையில், பையன் இன்னொரு அறையில்.

“நெட்டு வந்துதா?” என்று அவள் உள்ளேயிருந்து கேட்கிறாள்.

ஆளு வந்தாச்சே, இனி என்னத்துக்கு நெட்டு என்று சொல்ல வாய்வரை வந்தது. “இப்ப வந்துரும்” என்று சொல்லிவிட்டு, பெட்டியை அணைத்து, முப்பதுவரை எண்ணத் தொடங்கினேன்.