காக்கா என்ற ஒரு சொல்

எண்பதுகளின் தொடக்கத்தில், புதூர்நாட்டு மலைக்கு ஏறும் ஜீப்பில் ஒருவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். மடியில் காது கேளாத மகள், ஐந்து வயதிருக்கும். ஜீப்பில் மீசையில்லாத ஆண் அவர் மட்டும்தான்; ஏன் மழித்துவிட்டார் என்று கேட்டேன்.

“மீசை இருந்தா என் ஒதடு பாப்பாவுக்குத் தெரியாதுங்க. அதப் பாத்துதான் பேசக் கத்துக்குது.”

வெளியே ஒரு காக்கையைக் காட்டி அவள் “தாத்தா” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “‘கா’ங்கற சத்தம் ஒதட்டுல தெரியாது, அதான்” என்றவர், அவள் கையைத் தன் தொண்டையில் வைத்தார். வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி, சுண்டுவிரலால் அவள் நாக்கு நுனியை மெல்ல அழுத்திக்கொண்டு “காக்கா” என்றார். பலமுறை முயன்றாள். கடைசியில், விரலை எடுத்த பிறகும் தானாகவே சொன்னாள்: “காக்கா!”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க கேட்டீங்கல்ல?”

“நல்லா கேட்டுச்சுங்க.”

“வூட்ல நான் சொன்னா, ஆசைல சொல்றேன்னுவாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்றீங்களா?”

நான் போகவேண்டிய ஊர் இன்னும் மேலே இருந்தது. இருந்தும் அவர்களோடு இறங்கினேன். “என் காதால கேட்டேம்மா” என்று அவர் மனைவியிடம் சொன்னபோது, பக்கத்தில் அவர் நிமிர்ந்து நின்ற அழகை இன்றும் மறக்கவில்லை.