சீலைக்கு அப்பாலிருந்து வந்த சீட்டு

போன கிழமை மருதமுனையில் ஒரு கட்டில் விரிப்பு வாங்கி வந்தேன். கட்டைப் பிரித்ததும் கஞ்சிப் பசை வாசம் குப்பென்று வந்தது. விரிப்பின் நிறத்தைப் பார்க்க வேண்டிய நான் நினைவில் எங்கள் ஊர் டவுன்ஹோல் மண்டபத்துக்குப் போய்விட்டேன். அங்கே பெண்கள் பக்கத்தை மறைத்துக் கட்டியிருந்ததும் இதே வாசமடிக்கும் கைத்தறிச் சீலைதான்.

எழுபதுகளின் கடைசி. கல்முனைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சபையில் எழுதுவினைஞராகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மாதம் ஒருமுறை, பின்னேர அஸர் தொழுகை முடிந்து, மண்டபத்தில் கேள்விக் கூட்டம் நடக்கும். சனங்கள் சீட்டில் எழுதித் தருவார்கள், நான் வாசிப்பேன், சபைத் தலைவர் பதில் சொல்வார். என் குரலில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வானொலியில் செய்தி வாசிக்க வேண்டியவன் தவறி இங்கே வந்துவிட்டதாக நினைப்பு. எங்கள் சபைக்குச் சம்பந்தமே இல்லாத நாவிதன்வெளி வாய்க்காலைப் பற்றி யாராவது கேட்டாலும் ஏற்ற இறக்கத்தோடுதான் வாசிப்பேன்.

ஆண்கள் முந்திக்கொண்டு சீட்டைத் தந்துவிடுவார்கள். சீலைக்குப் பின்னாலிருந்து வருபவை பிந்தி வரும். அடுக்கின் அடியில் வைப்பேன். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் கூட்டம் கலையும். மிஞ்சிய சீட்டுகள் என் அலுமாரிக்குப் போகும். இதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றியதேயில்லை. வந்த ஒழுங்கு அதுதானே என்று இருந்தேன்.

ஒரு மாரிக்காலக் கூட்டத்தில் நான் முதல் சீட்டை எடுக்கும்போது சீலைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. அதுவரை பெண்கள் யாரும் அங்கே வாய்விட்டுப் பேசியதில்லை.

“தம்பி, எங்கட சீட்டு எப்பயும் அடியிலதான் கிடக்கு. இண்டைக்கு அடியில இருந்து வாசிங்க.”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. நான் தலைவரைப் பார்த்தேன்.

“வாசிங்க, என்னத்துக்குப் பாக்கிறீங்க?” என்றார்.

அடிச்சீட்டை உருவி, வழக்கமான கம்பீரத்தோடு தொடங்கினேன்.

“எங்கட ஒழுங்கைக்குக் கீழால தண்ணி போற போக்கு உடஞ்சி கிடக்கு. வெள்ளத்தில கார் வராது. மகளுக்குப் புள்ள பொறக்கிற மாசம் நெருங்குது எண்டு ரெண்டு கூட்டத்தில எழுதித் தந்தன். வாசிக்கல்ல. போன கிழமை அவளக் கதிரையில வெச்சித் தூக்கிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போன. புள்ள பொறக்க முன்னமே மௌத்தாப் போயிட்டு. இனிப் பொறக்கப் போற புள்ளயளுக்காவது அந்தப் போக்கக் கட்டித் தாங்க.”

‘வாசிக்கல்ல’ என்ற இடத்தோடு நான் நிறுத்திவிட்டேன். மிச்சத்தைத் தலைவர்தான் வாங்கி வாசித்தார். பிறகு சீலையைப் பார்த்து, “உம்மா, எங்களிலதான் பிழை,” என்றார். பிழை என்னுடையது என்று சொல்ல எழுந்தவன் அடுத்த சீட்டைத்தான் எடுத்தேன். அன்றைய வெட்கம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

பத்து நாளில் போக்கைக் கட்டிவிட்டார்கள். அதன் பிறகு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறித்தான் சீட்டு வாசித்தேன்.

மண்டபத்தை இடித்துக் கடைத்தொகுதி கட்டிப் பல வருடமாகிறது. மாதக் கூட்டமும் இல்லை. ஒழுங்கை அகன்று தார் றோட்டாகி, கீழே தண்ணீர் ஓடுவதே தெரியாமல் வாகனங்கள் பறக்கின்றன. போக்கு இருக்கிற அந்த இடத்தில் மட்டும் நான் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போவேன்.

“என்ன சேர், காத்துப் போயிட்டா?” என்று எதிரே வருபவர்கள் கேட்பார்கள்.

“ஓம்,” என்று சொல்லிவிடுவேன்.