வண்டியோடு பிறந்த எஞ்சின்

கொட்டகையிலிருந்து எஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்டது.

குளியலறைக் கண்ணாடி முன்னால் பாதி முகம் மழித்து நின்ற லிஃப்ட்காரரின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. சமையலறைக்கு அடுத்த அறைதான் கொட்டகை. ஒரு காலத்தில் தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைத்த அறை. தெருப்பக்கச் சுவரை இடித்து, அகலமான கதவு போட்டு, காருக்கென்றே ஆக்கியிருந்தார். அங்கே நின்ற கரும்பச்சை வண்டியைத் தன்னைத் தவிர யாராலும் கிளப்ப முடியாது என்பது அவருடைய நம்பிக்கை. சோக்கை முக்கால்வாசி இழுக்க வேண்டும். ஆக்சிலேட்டரை ஒரே ஒரு தடவை மிதித்து விட வேண்டும். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் பொறுத்துத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் பெட்ரோல் அடைத்துக்கொள்ளும். பழைய கார் சங்கத்தில் பெரிய பெரிய ஆட்களே அதனிடம் தோற்றுப் போயிருக்கிறார்கள்.

இன்று அது ஒரே திருப்பில் கிளம்பியிருந்தது.

சோப்பு நுரையோடு ஓடினார். ஓட்டுநர் இருக்கையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். திறந்த பானெட்டுக்குப் பக்கத்தில், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, நரை ஓடிய தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெண்மணி நின்றிருந்தார். அவர் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையின் மூச்சைக் கேட்கும் தாய் மாதிரி.

"யார் கிளப்பினது?"

"பேயா வந்து கிளப்பும்? நான்தான்" என்றாள் மனைவி. "இவங்க சத்தம் கேக்கணும்னாங்க. உங்க சங்கத்து ஆளுன்னு நினைச்சேன். முதல்ல முகத்தைத் துடைங்க, பாதி ஆளா நிக்கிறீங்க."

வந்தவர் கண்ணைத் திறந்தார். "நான் பல் டாக்டர். சங்கத்து ஆள் இல்ல. நீங்க இன்டர்நெட்ல பழைய கார் குரூப்ல ஒரு எஞ்சின் நம்பர் போட்டிருந்தீங்களே... அது எங்க அம்மா வண்டியோட நம்பர்."

லிஃப்ட்காரர் கையை நீட்டி எஞ்சினை அணைத்தார். அந்த அமைதி அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இந்த நாளுக்காகத்தான் கொஞ்ச காலமாகத் தூக்கம் கெட்டு அலைந்தார் என்பதும் உண்மை.

அவர் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. நாளெல்லாம் இருட்டுக் கிணறு போன்ற சதுரத்துக்குள், இரும்புக் கயிறுகளுக்கு நடுவே தொங்குகிற பிழைப்பு. மேலே போகலாம், கீழே வரலாம். பக்கவாட்டில் ஓர் அடி நகர முடியாது. அதனாலோ என்னவோ, சாலையில் ஓடுகிற எதைக் கண்டாலும் அவருக்கு ஏக்கம். இளவயதிலேயே முதல் மனைவியை நோய் கொண்டுபோனது. கையில், தாய் போனதிலிருந்து யாரிடமும் பேசாத ஒரு பெண் குழந்தை. அந்தத் துக்கத்தில் ஒருவர் குடிப்பார், ஒருவர் கோயில் குளம் என்று சுற்றுவார். இவர் ஒரு வீட்டுக் கொல்லையில் செடி மூடிக் கிடந்த இரண்டு கதவுக் காரை வாங்கி வந்தார். அதைத் தயாரித்த கம்பெனி கொஞ்சமே செய்து நிறுத்திவிட்ட வண்டி. மறு கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வழியாக ஓட வைத்தார். புது மனைவியை அந்த வண்டியில்தான் வீட்டுக்கு அழைத்து வந்தார்.

வந்தவள் வந்த அன்றே வண்டிக்குப் பெயர் வைத்துவிட்டாள்: சக்களத்தி.

"சக்களத்திக்கு இன்னைக்கு எண்ணெய்க் குளியலா?" என்பாள், ஆயில் மாற்றும்போது. "எனக்கு முதுகு வலின்னா ஒரு தைலம் வாங்க நேரமில்ல. அவளுக்கு லேசா இருமல்னா லீவு போடறீங்க."

லிஃப்ட்காரர் சிரித்துக்கொள்வார். அவருக்கு அந்த வண்டி வெறும் அழகு இல்லை. ஒரு வண்டி ஏன் விசேஷம் என்று அவரிடம் கேட்டால் ஒரே பதில்தான்: பிறந்தபடியே இருக்க வேண்டும். அந்தக் கம்பெனி வண்டி உடம்பில் அடித்த தகட்டிலும் எஞ்சினிலும் ஒரே நம்பரைப் பொறித்து வெளியே அனுப்பும். இரண்டும் ஒத்துப்போனால்தான் அது வண்டி. சங்கத்து மேடையில் மைக் பிடித்தே சொல்லியிருக்கிறார். அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது.

அப்படிப்பட்டவர் தன் சொந்த எஞ்சினின் நம்பரை மட்டும் பார்த்ததே இல்லை. பல காலத்து மசகும் தாரும் கெட்டியாகப் படிந்து அதை மூடியிருந்தன. ஒத்துத்தான் போகும் என்று நம்பினார். சொந்தப் பெண்டாட்டியின் கையெழுத்தை யார் சோதித்துப் பார்க்கிறார்கள்? சங்கத்து ஊர்வலத்துக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெழுகு போட்டு, பித்தளை பிரஷ் வைத்துத் தேய்த்து, எல்லாவற்றையும் பளபளப்பாக்கினார். அழுக்கு போனது. நம்பர் தெரிந்தது. தகட்டில் இருந்த நம்பர் வேறு, இது வேறு. அவர் வாங்குவதற்கு முன்பே யாரோ எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் பாதியில் எழுந்து கொட்டகைக்குப் போய் டார்ச் அடித்துப் பார்ப்பார், நம்பர் மாறியிருக்குமோ என்பது போல. கடைசியில், கார்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய பைத்தியக்காரத்தனத்தைச் செய்தார். நம்பரைப் படம் எடுத்து குரூப்பில் போட்டு, 'இந்த எஞ்சினின் சொந்த வண்டி எங்கேயாவது இருக்கிறதா?' என்று கேட்டார். வேறு எவனாக இருந்தாலும் திரும்பவும் மசகைப் பூசி மூடியிருப்பான்.

அந்தக் கேள்விக்குத்தான் இப்போது கைப்பையோடு பதில் வந்து நிற்கிறது.

மனைவி டீ போடப் போனாள். லிஃப்ட்காரர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். பல் டாக்டர் கைபேசியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். துருவில்லாத தகடு. அதே நம்பர்.

"வண்டி எங்க இருக்கு?" என்று கேட்டபோது லிஃப்ட்காரரின் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"எங்க வீட்டுலதான். அம்மா ஓட்டின வண்டி. எங்க தெருவுல கார் ஓட்டின முதல் பொம்பளை அவங்கதான். அம்மா படுத்த படுக்கையா இருந்தப்ப, இது சும்மாதானே கிடக்குதுன்னு சித்தப்பா எஞ்சினை மட்டும் கழட்டி வித்துட்டார். அம்மாவுக்குச் சொல்லவே இல்ல. கடைசி வரைக்கும், எழுந்து நடமாடினதும் ஒரு சுத்து போயிட்டு வரணும்னு சொல்லிட்டே இருந்தாங்க." அவர் கைபேசியில் அடுத்த படத்தைத் தள்ளினார். "பெயின்ட் அடிச்சேன். சீட் தைச்சேன். டயர் மாத்தினேன். பானெட்டைத் திறந்தா உள்ள தரை தெரியுது."

"எனக்குக் கொடுத்துடுங்க அந்த வண்டியை" என்றார் லிஃப்ட்காரர், வெட்கமில்லாமல். கையிலிருந்த துண்டு இடது கைக்கும் வலது கைக்கும் மாறிக்கொண்டே இருந்தது. "ரெண்டையும் சேர்த்துடறேன்."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஆமா, அதையும் கொண்டாங்க. சமையல்கட்டையும் இடிச்சுடலாம். நான் மொட்டைமாடியில படுத்துக்கறேன்."

பல் டாக்டர் சிரிக்கவில்லை. "அம்மா வண்டியைக் கேக்கறீங்க. நான் உங்ககிட்ட எஞ்சின் கேக்கறேன். இதே மாதிரி நல்லா ஓடற எஞ்சின் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். அதை உங்க வண்டியில மாட்டிக்கலாம்."

"அதையே உங்க வண்டியில மாட்டிக்கலாமே."

"மாட்டலாம்னு கிளம்பினவதான். அப்பதான் நீங்க பேசின வீடியோவைப் பார்த்தேன். 'பிறந்த எஞ்சின் போன வண்டி வெறும் கூடு. அதுல வேற எஞ்சினை வச்சா அது ஆள்மாறாட்டம்.' நீங்க சொன்னதுதானே?"

கொட்டகைக்குள் நடக்க இருந்த இடம் நாலு எட்டுதான். லிஃப்ட்காரர் அதற்குள்ளேயே நடந்தார். சுவர் வரைக்கும் போனார், திரும்பினார். பின்பக்கக் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தார். சொன்னது அவர்தான். கை தட்டல் வாங்கியதும் அவர்தான். அந்தச் சட்டப்படி பார்த்தால், தன் வண்டி இத்தனை காலமும் ஆள்மாறாட்டம் செய்துகொண்டு நின்றிருக்கிறது. அதன் சொந்த எஞ்சின் எந்தக் காயலான் கடையில் உருகிப் போனதோ. ஆனால் அங்கே ஒரு வண்டி, வயிற்றைத் திறந்து காத்துக்கொண்டு நிற்கிறது.

"எடுத்துக்கோங்க" என்றார். "என்னுது எப்படியும் முழுசு இல்ல. உங்களுதாவது முழுசாகட்டும். ஆனா நான்தான் இறக்குவேன். வேற யாரும் இதுல கை வைக்கக் கூடாது."

பல் டாக்டரின் கண் நிறைந்துவிட்டது. கை கூப்பினார்.

அப்போதுதான் மனைவி டீ தட்டோடு வந்து நின்றாள். கேட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. பானெட்டை ஒரு கையால் மூடினாள். அதன் மேலேயே டீ தட்டை வைத்தாள். அந்தப் பச்சைப் பரப்பின் மேல் அன்று வரைக்கும் ஒரு கைக்குட்டையைக்கூட யாரும் வைத்ததில்லை. லிஃப்ட்காரருக்கு அதட்டல் வாய் வரைக்கும் வந்தது, அப்படியே விழுங்கிக்கொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உன்கிட்டயா? நீதானே இதைச் சக்களத்தின்னு சொல்லுவே."

"சக்களத்தின்னு சொன்னேன். வீட்டை விட்டுத் துரத்துன்னு சொன்னேனா?"

"உனக்கு இதுல என்ன இருக்குன்னு..."

"எனக்கு என்ன இருக்கா?" அவள் குரல் உயரவில்லை, தாழ்ந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "நீங்க வெளியூர் வேலைன்னு போய் மாசக்கணக்குல தங்குவீங்க. திரும்பி வந்து சாவியைத் திருப்பினா உடனே கிளம்பும். 'பாத்தியா, என் வண்டி என்னை மறக்கல'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவீங்க. பேட்டரி என்ன உங்க மேல ஆசை வச்சா உயிரோட இருக்கும்? வாராவாரம் நான் கிளப்பி வச்சேன். முதல் தடவை அடைச்சுக்கிச்சு. அப்புறம் அதுவே பழக்கிக் கொடுத்தது, எவ்வளவு பொறுக்கணும்னு."

லிஃப்ட்காரர் அவளையே பார்த்தார். இத்தனை வருஷம் ஒரே கூரைக்கு அடியில் இருந்தும் அவருக்குத் தெரியாத ஒரு விஷயம்.

"ஏன் சொல்லல?"

"உங்க பெருமையை ஏன் கெடுக்கணும்னு. அதை விடுங்க. நம்ம பொண்ணு என்கிட்ட முதல் முதல்ல எப்பப் பேசினா, ஞாபகம் இருக்கா?"

அவருக்கு நினைவில்லை. அவள் பல் டாக்டர் பக்கம் திரும்பினாள். தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஆள் வேண்டும் என்பது போல.

"நான் இவருக்கு ரெண்டாம் கல்யாணம், மேடம். மூத்தவளோட பொண்ணு என் முகத்தைப் பார்க்காது. சோறு வச்சா தட்டைத் தள்ளும். ஒரு நாள் கொட்டற மழையில இந்த வண்டி நடு ரோட்டுல நின்னுடுச்சு. இவர் ஏதோ பார்ட்ஸ் வாங்கப் போயிட்டார். உள்ள நானும் அதுவும்தான். இருட்டிக்கிட்டு வருது, இடி வேற. பின்சீட்டுல இருந்து மெதுவா முன்னாடி வந்து, 'உங்களுக்குப் பயமா இருக்கா?'ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். 'நான் இருக்கேன்'னு சொல்லி என் மடியில ஏறி உக்காந்துச்சு. இந்த எஞ்சின் அன்னைக்கு நின்னதாலதான் எனக்கு ஒரு பொண்ணு கிடைச்சா."

யாரும் டீயைத் தொடவில்லை.

"சங்கத்துல நீங்க அந்தப் பேச்சுப் பேசினப்ப நான் ரெண்டாவது வரிசையில இருந்தேன்" என்றாள் அவள், கணவனிடம். "பிறந்ததுதான் சொந்தம், அப்புறம் வந்து சேர்ந்தது ஆள்மாறாட்டம்னீங்க. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அதையே நினைச்சுட்டு வந்தேன். நம்பர் பார்த்தா நானும் இந்த வீட்டோட வந்தவ இல்லையே."

லிஃப்ட்காரர் சுவரோரம் போய் நின்றார். நடக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கயிறு அறுந்த லிஃப்ட் மாதிரி உள்ளுக்குள்ளே ஏதோ தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தது. இரும்பைப் பற்றி மட்டுமே பேசியதாக நினைத்திருந்தார். பக்கத்திலிருந்த ஒருத்தியின் நெஞ்சில் அது ஆணியாக இறங்கியதை அவர் எப்படி அறிவார்? கேட்டிருந்தால் அறிந்திருப்பார். கேட்டதில்லை.

பல் டாக்டரிடம் வந்தார்.

"மேடம், என்னால கொடுக்க முடியாது."

"இப்பதானே கொடுத்தீங்க."

"என்னுதுன்னு நினைச்சுக் கொடுத்தேன்."

பல் டாக்டர் கசப்பை மறைக்கவில்லை. "நம்பரை ஊருக்கே காட்டினது நீங்க. கதவைத் திறந்து வச்சுட்டு, வந்தவளை ஏன் வந்தேன்னு கேக்கறீங்க."

"தப்பு என்மேலதான். அந்த வீடியோவுல பேசினதும் தப்பு. வேற எஞ்சின் வைங்க. நானே வந்து உக்கார வச்சுத் தர்றேன். அதுவும் உங்க வண்டிதான். உங்க அம்மா வண்டிதான்."

"இப்ப மாத்திச் சொல்றது சுலபம். எனக்கு நீங்க முதல்ல சொன்னது மனசுல ஒட்டிக்கிச்சு."

மனைவி ஒரு கோப்பையை எடுத்துப் பல் டாக்டரின் கையில் கொடுத்தாள். "ஆறிடும். குடிங்க. போறதுக்கு முன்னாடி ஒரு சுத்து ஓட்டிப் பாக்கறீங்களா?"

பல் டாக்டர் கோப்பையைப் பார்த்தபடி மறுத்துத் தலையசைத்தார். "எனக்கு ஓட்டத் தெரியாது. அம்மா கத்துத் தர்றேன்னு சொல்லிட்டே இருந்தாங்க. அதுக்குள்ள படுத்துட்டாங்க."

மனைவியின் முகம் கலங்கியது. ஆனாலும் சொன்ன சொல்லை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவும் கூடாது என்று லிஃப்ட்காரர் மனதுக்குள் வேண்டிக்கொண்டார். பல் டாக்டர் டீயை மரியாதைக்காகக் கடைசி வரைக்கும் குடித்தார். கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் பானெட்டின் மேல் ஊன்றினார். உள்ளே சூடு இன்னும் இருந்தது. அது ஆறும் வரைக்கும் நிற்க நினைத்தவர் போல நின்றார். பிறகு சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"உங்க பொண்ணு இப்ப என்ன பண்றா?"

"வெளியூர்ல வேலை. தினமும் போன் பண்ணிடுவா" என்றாள் மனைவி. "அப்பாகிட்ட வண்டி எப்படி இருக்குன்னு கேப்பா. என்கிட்ட நான் எப்படி இருக்கேன்னு கேப்பா."

"கொடுத்து வச்சவங்க" என்றார் பல் டாக்டர். வாழ்த்தாகச் சொன்னாரா, மனம் வெந்து சொன்னாரா, தெரியவில்லை. வாசல் வரைக்கும் இருவரும் கூடவே போனார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு, படியில் நின்று, அவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "அந்த இன்னொரு எஞ்சின்... நீங்க வந்து பார்ப்பீங்களா? நான் இன்னும் சரின்னு சொல்லல. பார்க்க மட்டும்."

"வர்றேன். இவளையும் கூட்டிட்டு வர்றேன். சத்தத்தை வச்சு என்னைவிட நல்லாச் சொல்லுவா."

பல் டாக்டர் கைப்பையை மறுபடியும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். முனை திரும்பும் வரைக்கும் மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். லிஃப்ட்காரர் கொட்டகைக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்த பிறகும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.