கிணற்றிலிருந்து போட்ட கோடு

எங்கள் குடும்பத்தின் மூத்த சகோதரியும், என்னைத் தாய்க்குத் தாயாக வளர்த்தவருமான அக்கா அவர்களின் பதினாறாம் நாள் சடங்குக்கு வந்திருக்கும் உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். இதை எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அக்கா வானகரத்தில், இப்போது நாங்கள் இருக்கும் இதே வீட்டில் பிறந்தார். அம்மா இறந்தபோது எனக்கு நடை வரவில்லை என்பார்கள். அன்றோடு அக்காவின் படிப்பு நின்றது. பிறகு மாங்காட்டில் வாழ்க்கைப்பட்டு, மூன்றாம் வருடமே தாலியிழந்து திரும்பி வந்தார். அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

நான் பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் என் க்ஷேத்திரகணிதப் புத்தகத்தை அக்காதான் முதலில் படித்து முடித்தார். காம்பஸ் கிடையாது, மணலைப் பரப்பி, ஆணியும் நூலும் வைத்து வட்டமும் கோடும் போடுவார். ஒருநாள் சோற்றுப்பானை மூடியைக் கவிழ்த்துப் போட்டு, "இதுக்கு நடு எங்கடா கீது, சொல்லு" என்றார். நான் நூலை எடுத்து அளக்கப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே என் புத்தகத்தின் மூலையை மூடியின் விளிம்பில் வைத்தார். புத்தகத்தின் இரண்டு ஓரங்களும் விளிம்பை எங்கே வெட்டுகின்றனவோ அந்த இரண்டு இடங்களையும் கரியால் சேர்த்தார். வேறோர் இடத்தில் மூலையை வைத்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொண்ட இடம்தான் நடு. "அளக்கவே வேணாம்டா. அதுவே வந்து நிக்கும்" என்றார். நான் தேறியது அவர் போட்ட கணக்குகளால். அதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

அப்பா காலமான பின், அக்காவுக்கும் மூத்தவரான அண்ணனும் நானும் நிலத்தைப் பிரித்துக்கொண்டோம். நிலம் முக்கோணம். சாலை ஓரம் ஒரு பக்கம்; அதற்கு எதிரே கோடியில் பனைமரம். கிணறு சாலை ஓரத்தில், நடுவிலிருந்து கிழக்கே தள்ளி இருக்கிறது. சாலைப் பக்கத்தின் நடுவிலிருந்து பனைமரத்துக்குக் கோடு போட்டால் நிலம் சரிபாதியாகும். ஆனால் கிணறு முழுவதும் ஒருவருக்கே போய்விடும். ஆகவே அக்கா ஏற்றக் கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினார். கிணற்றிலிருந்து பனைமரத்துக்கு ஒரு கயிறு கட்டினார். சாலைப் பக்கத்தின் நடுவில் முளை அடித்து, அங்கிருந்து முதல் கயிற்றுக்கு இணையாக இன்னொரு கயிறு. அது மேற்கு வரப்பைத் தொட்ட இடத்தில் ஒரு முளை அடித்து, அங்கிருந்து கிணற்றுக்குக் கோடு இழுத்தார். இருவருக்கும் சரிபாதி, இருவருக்கும் தண்ணீர்.

ஊரார் கூடியிருந்தார்கள். அண்ணன் பார்த்துவிட்டு, "இன்னாமே இது? இந்தாண்ட மூணு மூல, அந்தாண்ட நாலு மூல. மூணும் நாலும் ஒண்ணா? கொழம்புல உப்பு போட்ற கண்ணளவா இது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"பங்கு போட்றது கண்ணு இல்ல அண்ணாத்தே, கவுறு" என்றார் அக்கா.

"படிச்சவன் ஒத்தன் நிக்கிறானே, அவன் சொல்லட்டும்" என்றார் அண்ணன்.

எனக்குத் தெரியும். ஒரே அடியின் மேல், இரண்டு இணைகோடுகளுக்கு நடுவில் நிற்கும் முக்கோணங்கள் பரப்பில் சமம்; அந்தத் தேற்றத்தை எழுதித்தான் பரீட்சையில் தேறியிருந்தேன். ஆனால் ஒரு பெண்பிள்ளை போட்ட கோட்டுக்காக ஊர் நடுவில் அண்ணனை எதிர்க்க எனக்கு வாய் வரவில்லை. "நடுவுலயே போட்டுக்கலாம் அண்ணே" என்றேன். முளைகளையும் நானே பிடுங்கினேன். அக்கா கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மூத்தவர் முதலில் எடுப்பது எங்கள் வழக்கம். அண்ணன் கிணற்றுப் பக்கத்தை எடுத்தார். இரண்டு கோடை கழிவதற்குள் தண்ணீருக்குச் சண்டை வந்து, வேலியும் வந்தது. என் பங்கில் ஒரு கிணறு தோண்டினேன், கரை கட்டவில்லை. "கொழந்தைய அந்தாண்ட உடாதடா" என்று அக்கா தினமும் சொல்வார். என் மகளுக்குப் பதில் தாமே குடத்தை எடுத்துக்கொண்டு போவார். இந்த ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை, கரை சரிந்து மண்ணோடு அக்காவும் உள்ளே போனார். மத்தியானம்தான் எடுக்க முடிந்தது.

அன்று முதல் என் மகள் வாசலைத் தாண்டினால் நானும் பின்னாலேயே போகிறேன்.

எட்டாம் நாள் அண்ணன் ஏற்றக் கயிற்றோடு வந்து நின்றார். என்னைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்தார். என் மகளைக் கூப்பிட்டு, "அத்த போட்ட கோடு ஒனக்குத் தெரியுமா பாப்பா?" என்றார். தெரியும், அத்தை மணலில் போட்டுக் காட்டியிருக்கிறார் என்றாள். இருவரும் நிலத்தில் இறங்கினார்கள். அவள் சொன்ன இடத்திலெல்லாம் அவர் கயிற்றைப் பிடித்தார்.

"மூணும் நாலும் எப்டிம்மா ஒண்ணாவும்?" என்று கேட்டார்.

"நடுக்கோட்டால ஒனக்குப் பாதி, எங்களுக்குப் பாதின்னு பிரிச்சோம் இல்ல பெரிப்பா? எங்க பாதிய இந்த நடுக்கவுறு ரெண்டா வெட்டுது, பனமரத்தாண்ட கீற துண்டு ஒரு முக்கோணம். அந்தத் துண்டுக்கு அடி நடுக்கவுறு; அதுக்கு இணையா போற இந்தக் கெணத்துக் கவுத்து மேலயே பனமரத்து மூலைய வழுக்கிக்கினு வந்தா பரப்பு மாறாது. அத்த அத அப்டியே கெணத்தாண்ட கொண்ணாந்துட்டாங்க. அவ்ளோதான்."

அண்ணன் கயிற்றை விடாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அன்றே மண் சரிந்த குழியை மூடினோம். அக்காவை எடுக்க, சரிகிற மண்ணையும் பாராமல் அன்று அதில் இறங்கிய பூந்தமல்லி சுண்ணாம்புக் கடை பாய்க்கும், அவர் கூட்டி வந்த இரண்டு ஆட்களுக்கும், அக்காவைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்திய பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் எந்தப் பிறவியில் நன்றி செலுத்துவேன்? அக்காவிடம் கேட்கவேண்டிய மன்னிப்பை உங்கள் எல்லார் முன்னாலும் இங்கே கேட்டுக்கொள்கிறேன்.

சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் சாலையோரக் கிணற்றடிக்கு வந்துவிட்டுப் போகவேண்டும். அக்காவின் கோட்டில் அண்ணனும் நானும் கல் நட்டிருக்கிறோம். கண்ணால் பார்த்தால் சமமாகத் தெரியாது. சமம்தான்.