மீனெண்ணெய் அடித்த ஜீப்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் லேசில் நம்பிவிட மாட்டார்கள். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பெட்ரோல் போடுகிறவனை நம்பாமல் இறங்கி நின்று மீட்டரை முறைப்பார். நானும் சளைத்தவள் இல்லை. மீன்காரி செவுளைத் தூக்கிக் காட்டினாலும் என் விரலை விட்டுப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி.

அப்போது திருவொற்றியூரில் கடலோரமாகக் குடியிருந்தோம். நான் மாசமாக இருந்தேன். முந்தின வருஷம் ஒரு பிள்ளை ஏழாம் மாதத்தில் தவறிப்போயிருந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நான் ராயபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போய் வந்தேன். அங்கே பப்பாளி தின்றுவிட்டேன் என்று மாமியார் தீர்மானமே போட்டுவிட்டார். வீட்டுக்காரர் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "நெஜமாவே ஒண்ணியும் துன்னலியா?" என்று மட்டும் கேட்பார். அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். இந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஆனால் நான் அந்த வீட்டில் தலைநிமிர முடியாது என்ற பயம் என்னைத் தின்றது.

ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்று எங்களிடம் இருந்தது. கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும், நல்லது கெட்டதுக்கும் குடும்பமே அதில்தான் போகும். முந்தின வருஷம் நான் அம்மா வீட்டுக்குப் போய் வந்ததும் அதில்தான். கடல் காற்றுக்கு இரும்பு தாங்காது என்று, படகுக்குப் பூசுகிற மாதிரி வண்டியின் அடிப்பாகம் முழுக்க அவர் மீனெண்ணெய் பூசுவார். தெருப் பூனைகளெல்லாம் அதன் அடியிலேயே கிடக்கும். எனக்கோ அந்த வாடை வாசல்வரை வந்தாலே குமட்டிக்கொண்டு வரும். மூக்கில் முந்தானையைப் பொத்திக்கொண்டுதான் ஏறுவேன்.

செக்கப்புக்கு ராயபுரம் போகும்போதெல்லாம் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. "ரோடு அப்டி. நான் இன்னா பண்ண?" என்பார். ரோடு மோசம்தான். ஆனால் பள்ளத்தைத் தாண்டி நல்ல ரோட்டுக்கு வந்த பிறகும் வண்டி ஆடிக்கொண்டே இருந்தது. பிரேக் போட்டால் மூக்கைக் குத்திக்கொண்டு குனிந்தது. பஸ் இப்படி ஆடவில்லையே என்று எனக்குச் சந்தேகம். "மெக்கானிக்காண்ட காட்டாம இனிமே நான் ஏற மாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றேன்.

ராயபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப். அந்த மெக்கானிக் வாய்ச்சவடால்காரன். ஜீப்பின் முன்பக்க மூலையில் ஏறி மிதித்து இறங்கினான். வண்டி எழுந்து, அமுங்கி, மறுபடி எழுந்து ஆடியது. டயரைத் தடவிக் காட்டினான். மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தது. அப்புறம் அடியில் புகுந்தான்.

"ஷாக் அப்சார்பர் செத்துப் பூட்ச்சி நைனா. ஸ்ப்ரிங் பட்டை துள்றத இதான் அடக்கணும். ஆயிலு வழிஞ்சிகினு கீது பாரு."

வீட்டுக்காரர் சிரித்தார். "அது நான் அடிச்ச மீனெண்ண. யாருக்குக் காது குத்துற?"

"தொழில் மேல சத்தியமா சொல்றேன், இது உள்ள கீற ஆயிலு."

"உன் சத்தியத்த நீயே வச்சிக்க."

இரண்டு பேரும் மல்லுக்கு நின்றார்கள். எனக்கு மெக்கானிக் மேலும் நம்பிக்கை இல்லை, இவர் மேலும் இல்லை. "அந்த எடத்த மட்டும் தொடச்சி அந்தத் துணிய இங்க குடு" என்றேன். ஷாக் அப்சார்பர் குழாயிலிருந்து அப்போதுதான் கசிந்து நின்றதைத் துடைத்துக் கொடுத்தான். மூக்கருகே கொண்டுபோனேன். குமட்டவில்லை. மெஷின் வாடைதான். பக்கத்துச் சட்டத்தைத் துடைத்த துணியை நீட்டினான். அது கைக்கு வருமுன்பே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். கசிந்தது ஆயில்தான் என்று வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார்.

ஆனாலும் சந்தேகம் விடுமா? இரண்டு பக்கமும் மாற்றணும் என்று மெக்கானிக் சொன்னதும், கெட்டது ஒன்று என்றால் எதற்கு இரண்டையும் மாற்ற வேண்டும் என்று ஆரம்பித்தார். "ஒரு பக்கம் புச்சு, ஒரு பக்கம் பழ்சுன்னா வண்டி இஸ்துகினு போவும்" என்றான் மெக்கானிக். கழற்றிய பழையதை ஒரே விரலால் அழுத்தினான், தண்டு சறுக்கிக்கொண்டு உள்ளே போனது. புதியதை வீட்டுக்காரர் உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினார். மெதுவாகத்தான் இறங்கியது. ரப்பர் புஷ் வளையங்கள் உட்பட மாட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார். பழையதையும் விடவில்லை. "உன்னாண்ட வுட்டா பெயிண்ட் அடிச்சி எவன் தலையிலயாவது கட்டிடுவ" என்று வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டார்.

புறப்படும்போது மெக்கானிக், "இது நேத்து இன்னிக்கி போனதில்ல நைனா. வருஷம் ஒண்ணு ஆயிருக்கும்" என்றான்.

ரோட்டை வெட்டிக்கொண்டு போகும் துறைமுகத் தண்டவாளத்தில் ஜீப் ஒரே அமுக்கில் ஏறி இறங்கி அடங்கியது. அதற்கப்புறம்தான் பேசினார். "அப்போ இந்த வண்டிதான் கொன்னுச்சா? நீ ஒண்ணியும் துன்னலதான் போல." எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வருஷமாக நான் சொன்னது ஏறவில்லை, ஒரு இரும்புக் குழாய் சொன்னது ஏறிவிட்டது! ஆனால் அன்றோடு அந்தக் கேள்வி நின்றது. மாமியாரையும் அவரே அடக்கினார். நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன், தூங்கினேன்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். பார்க்க வந்த டாக்டரம்மாவிடம் வீட்டுக்காரர் பெருமை தாங்காமல், பப்பாளிச் சந்தேகத்திலிருந்து தொடங்கி ஜீப் கதையை முழுக்கச் சொன்னார். முந்தின பிள்ளை போனதற்கு அந்தக் குலுக்கல்தான் காரணம் என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "வண்டி குலுங்கினதுக்கெல்லாம் அப்படிப் போயிடாதுப்பா."

வீட்டுக்காரர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பப்பாளி தின்றாலும் போகாது என்று டாக்டரம்மா தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். அது வீட்டுக்காரர் காதில் ஏறவே இல்லை.