ரகசியம் பேசிய ஏலக்காரர்

திருச்சி மண்டியில் வெள்ளைச்சாமி ‘ஒரு தரம்’ என்று எடுத்தால், காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்துக் கோயில் யானை காதாட்டுவதை நிறுத்திவிடும் என்பார்கள். நான் யானையிடம் விசாரித்ததில்லை. ஆனால் அவர் வீட்டில் சாப்பாடு கேட்டால் அடுத்த தெருவில் இலை போட்டார்கள் என்பதற்குச் சாட்சி உண்டு. அந்த அடுத்த தெரு எங்கள் தெருதான்.

சொந்த ஊர் ஜீயபுரம். நெல் வயலில் குருவி விரட்டிப் பழகிய தொண்டை. அதை நம்பித்தான் ராசப்பன் என்பவர் தம்முடைய வாழைத்தார் மண்டியில் ஏலம் கூற அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். வெள்ளைச்சாமி ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறி நிற்பார். தாரை இறக்கிய விவசாயி எதிர்ச்சாரி டீக்கடையில் உட்கார்ந்தபடியே தன் பூவன் என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டுக்கொள்ளலாம். ஒளிவுமறைவு இல்லை. வண்டிகள் அந்த மண்டியைத் தேடி வந்ததே அதனால்தான்.

1964 கோடையில் குரல் கரகரத்தது. ஆடியில் உடைந்தது. ஆவணியில் இரண்டாம் தரம் வரை போய், மூன்றாம் தரத்துக்கு வெறும் காற்று வந்தது. அவர் மனைவி மயிலம்மாள் சுக்கு, திப்பிலி, பனங்கற்கண்டு என்று கடைத்தெருவையே கஷாயம் வைத்துக் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ராசப்பன் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. “ஆயுத பூஜை ஏலத்துக்குள்ள தொண்டை வரணும், வெள்ளைச்சாமி. வரலைன்னா பெட்டி மேல என் மச்சினன் ஏறிக்கட்டும்.”

மச்சினர் அதற்குள் தகரக்காரரிடம் சொல்லி வாயில் வைத்துக் கத்த ஒரு தகரக் குழல் செய்து வாங்கிவிட்டிருந்தார்.

புத்தூரில் ஒரு தொண்டை டாக்டர் நெற்றியில் கண்ணாடி கட்டிக்கொண்டு, வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். “மண்வெட்டி பிடிச்ச கை காய்ச்சுப்போகுதில்ல, அது மாதிரி குரல் நாண் ரெண்டும் காய்ச்சிருக்கு. வெட்டி எடுக்கலாம். பழையபடி கத்தினா திரும்ப வரும். முதல்ல கொஞ்ச நாள் பேச்சை நிறுத்துங்க. அப்புறம் ஷரபுன்னிசாகிட்ட வாங்க.”

ஷரபுன்னிசா அந்த டாக்டரிடம் வேலை பார்த்தவள். காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுச் சொல்லிக்கொடுக்க மெட்ராஸில் பயிற்சி எடுத்திருந்தாள். குரல் கெட்ட பெரியவர்களையும் டாக்டர் அவளிடமே அனுப்புவார்.

வெள்ளைச்சாமி டாக்டர் சொல்லைத் தட்டவில்லை. சத்தம் போடவே இல்லை. மண்டிக்கு மட்டும் தவறாமல் போய், எல்லாவற்றையும் காதோடு காதாகச் சொன்னார். கணக்குப்பிள்ளை காதில் விலை. கூலிக்காரர் காதில் தார் எண்ணிக்கை. பழ வியாபாரி பரக்கத் அலியின் காதில், “போன தரம் கேட்டதுக்கு மேல கேப்பீங்களா, பாய்?”

ஏலம் கூறுகிறவர் வியாபாரியின் காதில் முணுமுணுத்தால் ஊர் என்ன நினைக்கும்? டீக்கடையில் இருந்தவர்களுக்கு உதடு அசைவது தெரிந்தது, விலை தெரியவில்லை. ஜீயபுரத்துப் பிச்சை முதலில் எழுந்து வந்தார்.

“ஏண்ணே, என் ரஸ்தாளிக்கு பாய் காதுல என்ன மந்திரம் ஓதினீங்க?”

வெள்ளைச்சாமி பதில் சொல்லப் பிச்சையின் காதை நோக்கிக் குனிந்தார். பிச்சை தள்ளி நின்றார். “எல்லார் காதுலயும் விழறாப்ல சொல்லுங்க. இல்லைன்னா நான் வேற மண்டி பாத்துக்கறேன்.” மறுநாள் அவர் வண்டி எதிர் மண்டியில் நின்றது. பின்னாலேயே இன்னும் சில வண்டிகள்.

குரலும் போய் மானமும் போன நிலையில்தான் அவர் ஷரபுன்னிசாவின் முன்னால் உட்கார்ந்தார். தொண்டை முன்னைவிட மோசமாக இருந்தது.

“பேசவே இல்லைன்னு சொன்னீங்களாமே, ஐயா?”

“இல்லம்மா,” என்று காற்றாகச் சொன்னார். “ரகசியமாத்தான் சொல்றேன்.”

“அதுதான் வினை. ரகசியம் பேசறப்ப தொண்டையை இன்னும் இறுக்கிப் பிழியறீங்க. ஒண்ணு, வாயை மூடிக்கிட்டு இருங்க. இல்லை, மெதுவா, குரலோட பேசுங்க. நடுவுல ஒண்ணு வேண்டாம். கனைக்கறதையும் விடுங்க. கனைப்பு வந்தா ஒரு வாய் தண்ணி குடிங்க.”

பிறகு வயிற்றில் கை வைத்து மூச்சு இழுக்கச் சொன்னாள். அதன் பிறகு மெல்லும்படி சொன்னாள். வாயில் ஒன்றும் இல்லாமல், இருக்கிற மாதிரி நினைத்து, தாடை தளர அசைபோட்டுக்கொண்டே ‘ம்யாம், ம்யாம்’ என்று குரல் கொடுக்க வேண்டும். அப்படியே அதற்குள் வார்த்தைகளைச் சேர்க்க வேண்டும். மெல்லுகிற வாய்க்கு இறுகத் தெரியாதாம்.

“வெத்தலை போட்டுக்கிட்டா நல்லா வருமேம்மா.”

“சுண்ணாம்பு உங்க தொண்டைக்கு ஆகாது. வெறும் வாய்தான்.”

வீட்டில் மயிலம்மாள் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். “ஏங்க, பாக்கறவங்க நான் சோறு போடலைன்னு நினைப்பாங்க. கொல்லையில போய் மெல்லுங்க.” அவர் கொல்லைப்புறம் போய் மென்றார். பக்கத்து வீட்டு எருமை அவரைப் பார்த்து, தானும் புல் இல்லாமலே அசைபோட ஆரம்பித்தது. நான் பார்த்தேன் என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்?

புரட்டாசி முழுக்க இதே வேலை. பழைய குரல் திரும்பவில்லை. வேறு ஒன்று வந்தது. தணிந்த, அகலமான குரல். ஒரு கூடத்துக்குப் போதும், தெருவுக்குப் போதாது.

ஆயுத பூஜை ஏலத்தன்று மண்டியில் கால் வைக்க இடமில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் மச்சினர் குழலோடு நின்றார். எதிர் மண்டிக்குப் போன பிச்சையும் வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்திருந்தார். வெள்ளைச்சாமி பெட்டியில் ஏறினார். சும்மா இரண்டு முறை மென்றார். “பூவன், முதல் தார்,” என்றார்.

“கேக்கல,” என்றது வாசல் பக்கம்.

பழக்கத்தில் கத்த வாயெடுத்தார். ஒரே ஒரு கத்தல் போதும், தெருவே திரும்பும். அத்தோடு மூன்றாம் தரம் மறுபடி காற்றாகிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். செம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். மச்சினர் குழலைத் தூக்கினார். வெள்ளைச்சாமி பெட்டியிலிருந்து இறங்கி நேராக முதல் தாரண்டை போய் நின்றுகொண்டார்.

“கேக்காதவங்க கிட்ட வாங்க. தார் இங்கதான் இருக்கு.”

கூட்டம் வந்து அவரைச் சூழ்ந்தது. ஒரு தாரிலிருந்து அடுத்ததற்கு அவர் நடந்தார், கூட்டமும் கூடவே நடந்தது. பரக்கத் அலி பழக்கத்தில் காதை நீட்டினார்.

“வாயால கேளுங்க, பாய். எல்லாருக்கும் கேக்கட்டும்.”

பரக்கத் அலி கேட்டார். அந்த விலையை வெள்ளைச்சாமி மென்று நிதானமாகத் திருப்பிச் சொன்னார். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸும் கையுமாக உள்ளே வந்துவிட்டார்கள். கடைசித் தார் வரைக்கும் மூன்றாம் தரம் முழுசாக வந்தது.

பிச்சை அவருடைய முழங்கை இடிக்கிற தூரத்தில் நின்றிருந்தார். “நாளைக்கு ரஸ்தாளி வெட்டறேண்ணே,” என்றார். “இங்கதான் இறக்குவேன்.”

ராசப்பன் மச்சினர் பக்கம் திரும்பினார். “அந்தக் குழலை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ மாப்ளே. சீமெண்ணெய் ஊத்த ஆகும்.”

வெள்ளைச்சாமி கடைசி வரை நடந்தே ஏலம் கூறினார். பெட்டியில் செம்பு உட்கார்ந்துகொண்டது. புதிதாக வந்த வியாபாரிகள் சிலர் அவர் மெல்வதைப் பார்த்துவிட்டு மரியாதையாக எச்சில் படிக்கத்தை எடுத்து நீட்டுவதுண்டு. கோயில் யானை அதற்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கியதாகக் கேள்வி.