ஸ்டாக் கழிக்கிற ஃபங்ஷன் எங்கே இருக்கிறது?

காலையிலிருந்து கீபோர்டில் எஃப் பன்னிரண்டை அழுத்தி அழுத்தி விரல் மரத்துவிட்டது. புரோகிராமில் ஒரு ஃபங்ஷனின் பெயர்மேல் கர்சரை வைத்து அதை அழுத்தினால், அந்த ஃபங்ஷன் எழுதியிருக்கும் ஃபைலுக்கே எடிட்டர் சாஃப்ட்வேர் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே இன்னொரு பெயர். அதை அழுத்தினால் இன்னொரு ஃபைல். கடைசியில் எதைத் தேடிக் கிளம்பினோம் என்பதே மறந்துபோகிறது. தார்நாகா வீட்டில் தனியாக உட்கார்ந்து, ஆறிப்போன காபியும் கையுமாக, இதைத்தான் வேலை என்று செய்துகொண்டிருக்கிறேன். அலுத்துவிட்டது, போங்கள்.

ஆறின காபி என்றாலே எனக்குப் பழைய பேகம்பேட் ஆபீஸ் ஞாபகம்தான். அங்கே மெஷினிலிருந்து வரும்போதே ஆறித்தான் வரும். மழை பெய்தால் கார்ப்பெட்டில் நனைந்த நாய் வாடை. கிடங்குச் சரக்குக்கான சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். எடிட்டர் அப்போது வெறும் சிலேட்டு மாதிரி. எது எந்த ஃபைலில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தெரியாதவர்கள் தெரிந்தவர் சீட்டுக்கு எழுந்து போய்க் கேட்க வேண்டும், அதுதான் வழக்கம். முக்கால்வாசிப் பேர் வந்தது என்னிடம். பாதிக் குப்பையைக் கொட்டியவன் நான்தானே! ஸ்கிரீனைப் பார்க்காமலே ஃபைல் பெயரைச் சொல்வேன். தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

அப்படி வந்தவர்களில் மாலதியும் ஒருத்தி. அந்த ஊரிலேயே சனத்நகரில், தெலுங்குக்கும் உருதுவுக்கும் நடுவே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பா அங்கே ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். என் திருநெல்வேலித் தமிழைக் கேட்டுச் சிரிப்பாள். ஃபைல் பெயரைச் சொன்ன பிறகும் போகமாட்டாள். மேஜையில் சாய்ந்துகொண்டு அன்று பஸ்ஸில் நடந்த சண்டையைச் சொல்வாள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. சொல்ல வாய்தான் வரவில்லை.

அப்புறம் எல்லா மெஷினிலும் புது எடிட்டர் போட்டார்கள். கொஞ்ச நாளில் என் சீட்டுப்பக்கம் ஈ காக்கை இல்லை. மாலதி மட்டும் வந்துகொண்டிருந்தாள்.

"ஸ்டாக் கழிக்கிற ஃபங்ஷன் எங்கங்க இருக்கு?"

இந்த மரமண்டை என்ன செய்தது தெரியுமா? பாவம், பெண்ணுக்கு ஷார்ட்கட் தெரியாது போலிருக்கிறது என்று அவள் சீட்டுக்கே போய், கர்சரை வைத்து, எஃப் பன்னிரண்டை அழுத்திக் காட்டினேன். இனி என்னிடம் வரவே வேண்டாம், நேரம் மிச்சம் என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

அவள் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது எனக்கு முன்னாடியே தெரியும்ங்க," என்றாள். பிறகு, "சரி, நக்கோ, வேணாம். இனிமே வரல."

வரவில்லை. அவள் சொன்னது எனக்கு உறைக்கவே சில மாதங்கள் ஆயின. அதற்குள் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டாள். கடைசி நாளன்று ஒரு தடவையாவது அவள் சீட்டுக்குப் போக வேண்டும் போல இருந்தது. போனால் எதையாவது கேட்க வேண்டுமே. அந்த சாஃப்ட்வேரில் எனக்குத் தெரியாதது என்று ஒன்றாவது இருக்க வேண்டுமே! காலையிலிருந்து ஒவ்வொரு ஃபைலாகத் தேடினேன், கிடைக்கவில்லை. சாயந்திரம் அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பிப் போனாள்.

அந்தக் கட்டடத்தில் இப்போது துணிக்கடை. என்னோடு வேலை செய்கிறவர்கள் அவரவர் வீட்டில். போன மாதம் நானே எழுதியது இந்த மாதம் எனக்கே விளங்குவதில்லை. தெரியாதது ஆயிரம் இருக்கிறது. எழுந்து போய்க் கேட்க ஒரு சீட்டுத்தான் இல்லை.